அவுக இல்லாம ஓடாது

பெங்களூரு, 9-8-2025. எனக்கு இன்று எழுபது வயது, நான்கு மாதம்.

காரைக்குடியில் இருக்கும் தங்களுக்கு உமையாளின் வணக்கம். நான் நலம். தாங்கள் மாத்திரையை விழுங்குகிறீர்களா, ஒளிக்கிறீர்களா?

நேற்று அலுவலகத்தின் பழைய மென்பொருளை மூலநிரலிலிருந்து மறுபடி தொகுத்து ஓட்டிப் பார்த்தோம். ஓடாவிட்டால் அதைக் கைவிடுவார்கள். என் வேலையும் போகும். அந்த மென்பொருள் சார்ந்திருக்கும் சிறு நிரல்களில் ஒன்றைக் காணவில்லை.

"அதைக் கூப்பிடுற வரியத் தூக்கிருவோமா ஆச்சி?" என்றாள் உடன் வேலைபார்க்கும் சிவகங்கைக்காரி சத்தியப்பிரியா.

"கை வைக்காத. அவுக இல்லாம ஓடாது."

"அவுகளா? புரோகிராமுக்கு எதுக்கு ஆச்சி மரியாதை!"

பழைய கணினி வட்டு ஒன்றில் அந்த நிரலைத் தேடி எடுத்துச் சேர்த்தேன், ஓடியது.

சீப்புச் சீடை அனுப்புங்கள். ஒருத்தி தின்பதற்குக் கொஞ்சம் போதும்.

அலுவலக வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறு நிரலை எழுதியவள் நான். அதற்குத் தங்கள் பெயரை வைத்தேன். கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்றுதான் தங்கள் ஆத்தா சொன்னார்கள். தட்டச்சு செய்யக் கூடாது என்று சொல்லவில்லை.