மண் இன்னும் காயவில்லை

பாலாவி,
செவ்வாய் இரவு.

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு வேலையில் போனைப் பூட்டி வைத்துவிடுவீர்கள் என்று தெரிந்தும் இரண்டு தரம் அழைத்துப் பார்த்தேன். குரலில் அனுப்பலாம் என்றால் அடுத்த அறையில் மாமிக்குக் கேட்கும். தேத்தண்ணி குடிக்க வெளியே வரும்போது போனைப் பார்ப்பீர்கள் என்று நம்பி, கடிதம் மாதிரியே ஒழுங்காக எழுதுகிறேன்.

மகள் ஸாஜிதா சுகம். இருமல் குறைந்துவிட்டது. போன் அடித்தால் யார் எடுத்தாலும் "வாப்பா" என்கிறாள். நேற்று காஸ் கொண்டுவந்தவரையும் வாப்பா என்று கூப்பிட்டு மாமியைச் சிரிக்க வைத்தாள். மாமிக்கு முழங்கால் வலி அப்படியேதான். மழை விடவில்லை. சந்தியில் திரும்புகிற லொறிகள் அடித்த சேற்றில் நம் முன் சுவரின் நிறமே மாறிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செய்னுலாப்தீன் ஹாஜியாரின் உப்பளப் பம்புக்குள் சுழல்கிற வெண்கல விசிறியை நம் பட்டறையில் நாளை விடிய சுபஹு தொழுததும் வார்க்கப்போகிறார்கள். மண் அச்சு இன்னும் காயவில்லை.

இன்ன நாளில் விசிறி தருவோம் என்று நீங்கள் ஹாஜியாரிடம் போனில் தவணை சொன்னதிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை, மச்சான். சிலாபத்து ஆசாரி அச்சுக்கான மர மாதிரியை முடித்துத் தரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றுதான் மாமா இருந்தார். நான் விடவில்லை. மாதிரி வரும் முன்னமே வெண்கலத் துண்டுகளை வாங்கி வைத்தோம். களப்பின் உப்புத் தண்ணீர் அரித்துத் தின்ற பழைய இரும்பு விசிறியைக் கழற்றி, தண்டோடு சேர்த்து அளந்து முடித்தோம். லேத் வேலைக்கு இன்ன நாள் வருவோம் என்று சொல்லி இடம் பிடித்தேன். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று இருந்திருந்தால் ஜனவரியும் போயிருக்கும். "காசு கட்டி கோர்ஸ் படிச்சது வீண் போகல்ல மகள்" என்று மாமாவே சொன்னார்.

ஆனால் மண் காய்கிற நாளை மட்டும் எந்தப் பக்கத்தாலும் குறைக்க எனக்கு ஏலவில்லை. விசிறி இதழ்களுக்கு நடுவில் வைக்கிற மண் கட்டிகளைச் சூளையில் வாட்டி எடுத்தாலும், அச்சுக்குள் வைப்பதற்குள் இந்தக் காற்றில் திரும்ப ஈரம் குடித்துவிடுகின்றன. விறகும் நனைந்த விறகு. இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அச்சின் மேல் கரிச்சட்டி வைத்துச் சூடாக்கினார்கள். நீங்கள் எனக்குக் காட்டித் தந்தபடி, என் பவுடர் டப்பாவின் கண்ணாடியை அச்சின் காற்றுத் துளையின் மேல் பிடித்துப் பார்த்தேன். முகம் தெரியாத அளவுக்குப் பனித்தது; உள்ளே இன்னும் ஈரம். மாமாவிடம் காட்டினேன். மழைக் காலத்தில் எந்தக் கண்ணாடியும் பனிக்கத்தான் செய்யும் என்றார். பக்கத்தில் நின்ற தம்பி றிப்கான், "மதினி, நீங்க அந்தக் கண்ணாடியால பவுடரப் போடுங்க, வார்க்கிறத எங்களுக்கு விடுங்க" என்று பகிடி பண்ணினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று மாமி சொன்னார். வெளிநாட்டில் தனியாக இருக்கிற பிள்ளை, கேட்டுப் பதறிப்போவான் என்றார். மச்சான், பதறாமல் வாசியுங்கள். முதல் விசிறியைப் போன வியாழக்கிழமை வார்த்தோம். அதை லேத்துக்குக் கொடுத்திருக்கிறோம் என்று மாமா உங்களிடம் சொன்னது சரியல்ல. வெண்கலம் உள்ளே போன உடனேயே ஈரம் ஆவியாகி, அச்சு குமுறிக் கக்கியது. விசிறி முழுக்க ஓட்டை. றிப்கானின் இடது புறங்காலில் ஒரு துளி விழுந்து தோல் போய்விட்டது. மருந்து கட்டுகிறோம், காய்ச்சல் இல்லை, அல்லாஹ் காப்பாற்றினான். உங்களிடம் போனில் கதைக்கும்போதெல்லாம் அவன் உட்கார்ந்துகொண்டே கதைத்தது அதனால்தான்.

நீங்கள் அனுப்பிய தோல் பூட்ஸ் வீங்கிய காலுக்குள் போகவில்லை. நாளைக்கு ஒரு காலில் பூட்ஸும் மற்றக் காலில் வீட்டுச் செருப்புமாக நின்றுதான் ஊற்றப்போகிறான். வேறு ஆளைப் பிடிப்போம் என்றேன். வாப்பாவோடு சேர்ந்து உருக்கிய வெண்கலப் பாத்திரம் தூக்கிப் பழகியவன் தான் மட்டும்தான் என்கிறான். அது உண்மையும்தான்.

நேற்று மகளைத் தூக்கிக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். மாமாவுக்குத் தெரியாது. ஹாஜியார் மரியாதையாகத்தான் கதைத்தார். தேத்தண்ணி தந்தார், மகளின் கையில் பிஸ்கட் கொடுத்தார். நான் தவணையைத் தள்ளிக் கேட்டதும், "பாத்தியெல்லாம் மழைத்தண்ணி நிக்கிது மகள், இப்ப பம்ப வச்சி நான் எதத்தான் இறைக்க" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார், "ஆனா இது உங்கட மாப்புள றஸீன் எனக்குச் சொன்ன நாள். மாத்துறதெண்டா அவர்ட வாயால மாத்தட்டும். பொம்புளப் புள்ளயோட தவணக் கத கதைக்கிறது எனக்குப் பழக்கமில்ல." எழும்பி வந்துவிட்டேன்.

இரவு சாப்பாட்டின்போது மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன். ஹாஜியாருக்கே இப்போது அவசரம் இல்லையாமே, யாரோ சொன்னார்கள் என்றேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்ட மகன் அங்க இருந்துகொண்டு குடுத்த வாக்கு. அத நான் மாத்தினா அவன்ட பேரு இந்தச் சந்தியில என்னாகும்" என்று கேட்டார். அவருக்கும் பயம் இருக்கிறது, மச்சான். முந்தாநாள் றிப்கான் தூங்கிய பிறகு அவனுடைய காலடியில் உட்கார்ந்து கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பயத்தோடுதான் நாளைக்கு வார்க்கப்போகிறார், உங்களுடைய சொல்லுக்காக.

நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் தவணை சொன்ன அன்று இங்கே வெயில். கட்டாரில் இருந்துகொண்டு இந்த மழை உங்களுக்கு எப்படித் தெரியும். ஆனால் கொஞ்சம் ஈரம் என்றாலும் உங்கள் உருக்கு ஆலையில் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே நிறுத்துவதற்கு ஆள் இல்லை. மாமா ஹாஜியாரைக் காட்டுகிறார், ஹாஜியார் உங்களைக் காட்டுகிறார். நான் சொன்னால் அது கண்ணாடி பார்க்கிறவளின் பேச்சு.

நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். மண் காய்ந்துவிடும், றிப்கானின் காலும் பூட்ஸுக்குள் போகும். பாத்திகளில் தண்ணீர் வற்றுவதற்குள் விசிறியைக் கொடுத்துவிடலாம். நல்லபடியாகச் சுழன்றால் பக்கத்து உப்பளக்காரர்களும் நம்மிடம்தான் வருவார்கள். ஹாஜியாருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதெல்லாம் இவ்வளவுதான்: தவணையை மாற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு அதைவிடக் குறைவாகச் சொன்னாலும் போதும். உங்கள் குரலைக் கேட்டால் கரிச்சட்டியை இறக்கிவிடுவார்.

நான் எழுதினேன் என்று சொன்னாலும் பரவாயில்லை. ஏச்சு வாங்கிக்கொள்கிறேன். உங்களையும், இங்கே நெருப்புக்கு முன்னால் நிற்கிறவர்களையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்திருப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் றிஸ்மினா.

பி.கு.: அனுப்பப் போகும்போது பட்டறையில் லைட் எரிந்தது. கதவிடுக்கால் பார்த்தேன். மாமா தனியாக நின்று அச்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். எடுக்கிறார், திரும்ப வைக்கிறார். அவர் யாராவது வேண்டாம் என்று சொல்வதற்காகக் காத்திருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது. இன்னும் சுபஹு பாங்கு சொல்லவில்லை. இதைக் கண்டதும் பதில் தாருங்கள், மச்சான்.