அம்மா போனிலிருந்து விழுந்த லைக்

அஸ்தம்பட்டி, சேலம்
வியாழக்கிழமை

அன்பு மகன் டோனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீயும் ஜெனிட்டாவும் குழந்தையும் டப்ளினில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதற்கு மேல் என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ கிளம்பிப்போய்ப் பதின்மூன்று நாள் ஆகிறது. எனக்கு அழுகை இன்னும் வரவில்லை, வரும் வரும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், பல் பிடுங்கிய அன்று கன்னம் மரத்துக் கிடக்குமே அப்படித்தான் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வேளைக்குப் போடுகிறேன். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் போய்விட்டது, பக்கத்து வீட்டு அபிநயாவின் வீட்டுக்காரர் வந்து மாற்றிக் கொடுத்தார்.

அம்மாவின் போனை நான் அணைக்கவில்லை, தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன், ஏன் என்று கேட்காதே. திங்கட்கிழமை காலை அது டிங் என்றது, டோனி புதிதாக எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று வந்தது. ஆபீஸ்காரர்கள் எல்லாம் எழுதுவீர்களே, அந்த ஆப்தான், அம்மாவின் போனில் அபிநயா போட்டுக் கொடுத்தது. என்ன வேலை என்று கேட்ட இடத்தில் டோனியின் அம்மா என்று போடச் சொன்னாளே, அதே. லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ரசீது எழுதியவன் நான், இங்கிலீஷ் வாசிக்க வரும். வரிக்கு ஒரு சரக்காக எழுதுவது எங்கள் ரசீதில்தான். நீ உன் அம்மாவை அப்படி இறக்கி வைத்திருந்தாய். என் அம்மா இறந்துவிட்டார் என்று ஒரு வரி, அப்புறம் வெற்றிடம். செவ்வாய்க்கிழமை என்று ஒரு வரி, அப்புறம் வெற்றிடம். கையைப் பிடித்திருந்தேன், மறுபடி வெற்றிடம். அதற்குக் கீழே தலைமைப் பண்பைப் பற்றி அம்மாவின் மரணம் கற்றுத்தந்த ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ராக்கெட் படம். மூன்றாவது பாடம் கஸ்டமரின் குரலைக் கேள் என்பது. அம்மா யாருக்கடா கஸ்டமர்? கடைசியில் ஒப்புக்கொள்கிறீர்களா, கீழே சொல்லுங்கள் என்று வேறு கேட்டிருக்கிறாய். நானூற்றுச் சொச்சம் பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் தன் கம்பெனிக்கு ஆள் எடுப்பதாக அதன் அடியிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

அபிநயா ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் அதை வாசித்துவிட்டுச் சாயங்காலம் கண் சிவக்க வந்தாள். அம்மா போன அன்று அவள் நாமகிரிப்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள், அடக்கம் முடிந்த பிறகுதான் வந்தாள் அல்லவா. "ஏனுங்க மாமா, கடைசி நேரத்துல டோனியண்ணன் கையைப் புடிச்சுட்டே இருந்தாருங்களா? எனக்குத்தான் குடுத்து வெக்கலைங்க" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். இந்த வயதில் உனக்காக ஒரு பொய். நீ கையைப் பிடித்தது நிஜம்தான், வியாழக்கிழமை காலை ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்து ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுப் பிடித்தாய், பெட்டியை மூட விடமாட்டேன் என்றாய், நான் பார்த்தேன். அதை அப்படியே எழுதியிருக்கலாமே சாமி. ஒரு பாடமும் தேவைப்பட்டிருக்காது.

நில்லாமல் முன்னேறு மகனே என்று அம்மா கடைசியாகச் சொன்னதாகப் போட்டிருக்கிறாய். அம்மா என்றைக்கு அப்படிப் பேசினாள்? அன்று ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். என்ன சொன்னாள் என்று நீ இங்கிருந்த ஒன்பது நாளில் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. மாஸ்க்கை விலக்கிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் பால் ஒரு பாக்கெட் போதும்னு சொல்லிருங்க, ரெண்டு வாங்கி வீணாக்காதீங்க" என்றாள். சரி என்றேன். அவ்வளவுதான்.

இன்னொன்று நீ பார்த்திருப்பாய், பார்த்துவிட்டுப் பயந்திருந்தால் மன்னித்துக்கொள். நீ எழுதியதைத் தள்ளித் தள்ளி வாசித்தபோது என் கட்டைவிரல் எங்கேயோ பட்டுவிட்டது. அக்சிலியா மேரி விரும்பினார் என்று உனக்கு வந்திருக்கும். தன் சாவுக்குத் தானே லைக் போட்டவள் உலகத்தில் உன் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். இன்னொரு தடவை தொட்டால் போய்விடும் என்று அபிநயா சொன்னாள், நான் தொடவில்லை. நீ எழுதியதில் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. தமிழாக்கும் பொத்தானை அழுத்தி, அதில் வரும் புரியாத தமிழைப் புரிந்ததுபோல் தலையாட்டி வாசித்து, லைக் போட்டுவிட்டுத்தான் அரிசி களைவாள். இதற்கும் போட்டிருப்பாள்.

வருகிற புதன்கிழமை முப்பதாம் நாள் பூசை. உனக்கு லீவு இல்லை என்று தெரியும். நீ அம்மாவைப் பற்றி எழுதி அனுப்பினால் பூசை முடிவில் வாசிக்கிறேன் என்று பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். தமிழில் எழுது, எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். நடுவில் இடம் விடாமல், மூச்சு முட்டப் பேசுவாயே சின்ன வயதில், அப்படி எழுது. கோவிலில் இருப்பவர்கள் அம்மாவைத் தெரிந்தவர்கள், அவர்களிடம் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்காதே. தபால் அதற்குள் வந்து சேராது, ஆகையால் இதை அபிநயாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உங்கள் மூவரையும் கைவிடமாட்டாள்.

மறக்காமல் ஒரு காரியம் செய். இன்று காலையும் இரண்டு பாக்கெட் பால் வந்தது. அவளிடம் சரி என்று சொன்னேனே தவிர, பால்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாக வாய் வரவில்லை. நம்பரை அபிநயா அனுப்புவாள். நீ போன் செய்து, இனிமேல் ஒரு பாக்கெட் போதும், அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல்லிவிடு.

அப்பா
சின்னப்பராஜ்