மீட்டர் அறுபது காட்டியது

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
பிப்ரவரி 9

மெர்லின் அப்பாவுக்கு ஜாக்குலின் அன்புடன் எழுதுவது. நானும் மெர்லினும் சுகம். அங்கே உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போனில் நான் பாதி சொல்வதற்குள், "ரிப்பேர் ஷெட்டை மூடிட்டு சாவியை ஓனர் பிரவீன்குமார்கிட்ட குடுத்துடு" என்கிறீர்கள். எனக்கு மூட மனசில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். மஸ்கட்டுக்குக் கிளம்பும் இருதயராஜ் அண்ணனிடம் உரித்து வறுத்த மல்லாட்டையோடு கொடுத்தனுப்புகிறேன்.

பனமலை பொன்னி அக்காவின் அறுவடை வண்டி போன வாரம் வயலிலேயே நின்றுவிட்டது. கிளப்பினால் ஐந்து நிமிஷம் ஓடும், திரையில் எல்லா விளக்கும் எரியும், மறுபடி நின்றுவிடும். இரண்டு மெக்கானிக்குகள் சென்சாரை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. எட்டு ஏக்கர் நெல் முற்றி நிற்கிறது, வானமோ மூட்டம். நான் மீட்டரோடு போய் இறங்கியதும் அக்கா, "இன்னாம்மா, நீயா பாக்கப் போற?" என்றார். கோபம்தான் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இஞ்சின், கட்டர், திரை எல்லாம் முறுக்கிய இரண்டு வயரில்தான் பேசிக்கொள்கின்றன. அந்த வயரின் இரண்டு கோடியிலும் ரெசிஸ்டர் வைத்த சின்ன மூடி இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நூற்றிருபது ஓம்; இரண்டும் இருந்தால் மீட்டர் பாதியாகி அறுபது காட்டும். நூற்றிருபது காட்டியது. அப்படியென்றால் ஒரு மூடி இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பின்பக்கக் கோடியில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது.

டிரைவர் அன்புச்செல்வனைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். நீங்கள் மஸ்கட் கிளம்புவதற்கு முன் மாட்டுப் பொங்கலுக்கு வண்டியை நம் ஷெட்டில் கழுவி மாலை போட்டோமே, அப்போது, "வயரே இல்லாத மூடி இன்னாத்துக்கு, சும்மா தண்ணி தேங்கும்" என்று கழற்றியது நீங்கள்தானாம். ஸ்கூட்டியில் ஷெட்டுக்குத் திரும்பி உங்கள் போல்ட் டப்பாவில் தேடினேன், கிடந்தது. கொண்டுபோய் மாட்டினேன். மீட்டர் அறுபது காட்டியது. பொழுது சாய்வதற்குள் மூன்று ஏக்கர் அறுத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. கழுவும்போது விழுந்திருக்கும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அன்புச்செல்வனும் வாயைத் திறக்க மாட்டார். மறுநாளே திண்டிவனத்திலிருந்து ஒரு கிரேன்காரர், அக்காவிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். உங்களைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

ஷெட்டுப் பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுத வருகிற வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார். வேண்டாம் என்றால் நீங்களும் கடிதமாகவே எழுதுங்கள். அது வந்து சேர்வதற்குள் பெயிண்ட் காய்ந்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்கள் கூடவே இருக்கட்டும். சரி என்பதை மட்டும் போனில் சொல்லலாம்.

உங்கள்
ஜாக்குலின்