ஏகபோக ஊர்

வலங்கைமான் அருகில்,
6.10.2025

அன்புள்ள சாஜிதா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். கடைசியாக மிச்சமிருந்த துரைக்கண்ணுவும் தன் வீட்டைக் கிரையம் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி ஊரில் வயல், மனை, வாய்க்கால்கரை எல்லாம் நம்முடையது. பழைய நிலப் பதிவேட்டின் நகலில் நம் ஊர்ப் பெயருக்கு எதிரே ‘ஏகபோகம்’ என்றிருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பொருளாதாரம் நடத்துகிறவள் நீ. அர்த்தம் என்ன? கோபம் தீர்ந்திருந்தால் நேரில் வந்து சொல்லேன்.

உன்,
அப்துல் ரஹ்மான்

கும்பகோணம்,
11.10.2025

அன்புள்ள மச்சான்,

வ அலைக்கும் ஸலாம். அர்த்தம் கேட்கத்தான் மனைவி ஞாபகம் வந்ததாக்கும்! பாடப்புத்தகத்தில், விற்பவர் ஒருவர்தான், வேறு யாரும் நுழைய வழியில்லை என்றால் அது ஏகபோகம். நம் தஞ்சாவூர்ச் சீமையில் அதைவிடப் பழைய வார்த்தை அது. ஏகம், ஒன்று. போகம், அனுபவிப்பது. ஊர் முழுக்க ஒரே மிராசுதார் கையில் இருந்தால் ஏகபோகம், பலர் கையில் என்றால் பலபோகம்.

அந்த மிராசுதார் ஊரிலும் உழுகிறவர்கள் குடியிருந்தார்கள். நீங்கள் நம் ஜமாஅத்து வீடுகளைக்கூட விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு யாரோடு நிற்பீர்கள்? ஒற்றை ஆளுக்கு ஜும்ஆ கிடையாதே. ஒரு வீட்டையாவது திருப்பிக் கொடுங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

சாஜிதா

17.10.2025, வெள்ளி

சாஜிதா,

ஜும்ஆ நடந்தது. நானே பாங்கு சொன்னேன். தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்ததும் பின்னால் ஆட்கள் தோளோடு தோள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ‘ஆமீன்’ என்றார்கள். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால் யாருமில்லை. பாய்களில் மட்டும், நான்கு வரிசைக்கு, உளூச் செய்து கழுவிய ஈரக்கால் தடம். அறுவடை மெஷினில் என் இடதுகால் சுண்டுவிரல் போனது உனக்குத் தெரியுமே. எந்தத் தடத்திலும் இடதுகால் சுண்டுவிரல் இல்லை.

பயமாக இல்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

அப்துல் ரஹ்மான்

கும்பகோணம்,
27.10.2025

மச்சான்,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. வீட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நிபந்தனை ஒன்றுமில்லை. 2-ஆம் தேதி ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். இருபத்திரண்டு வருஷம் உங்களோடு வாழ்ந்தவள் நான். உங்களைத் தனியாக விட்டு வந்தது என் தப்பு. அதுவரை பள்ளிவாசல் பக்கம் போகாதீங்க.

உங்கள் சாஜிதா

30.10.2025

கடிதம் எழுதிய அம்மாவுக்கு,

ஞாயிறன்று வருவதாக எழுதியிருந்தீர்கள். யாரைப் பார்க்க வருகிறீர்கள் என்று விளங்கவில்லை. நான்கு வரிசையிலும் எல்லோரையும் விசாரித்தேன். மனைவி இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. வெளியாட்கள் தங்க இங்கே வீடு எதுவும் காலி இல்லை. வீணாக அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
அப்துல் ரஹ்மான்
அப்துல் ரஹ்மான்
அப்துல் ரஹ்மான்