யாருக்காக மெத்தென்ற ஸ்பிரிங்?

அன்புள்ள என்னங்க,

நாங்கள் நலம். நேரில் உங்களை இப்படித்தான் கூப்பிடுகிறேன், கடிதத்துக்கென்று புதிதாக எதையும் தேட மனமில்லை. போனில் கேட்டால் வேலைத்தளத்தில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது.

நீங்கள் சொன்னபடி உங்கள் செல்லக் காரை, பட்டறைப் பையனை வரவழைத்து ஓட்டச் சொல்லி, பட்டறையில் விட்டேன். மெக்கானிக் முன்பக்க மூலையைக் கையால் அழுத்தி, விட்டுப் பார்த்தார். நல்ல வண்டி ஒரு தடவை எழும்பி நின்றுவிடுமாம். இது நாலு தடவை ஆடியது. நாலு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்திருக்கிறது, ஸ்பிரிங்கும் தளர்ந்து உட்கார்ந்துவிட்டது, இரண்டையும் சேர்த்தேதான் மாற்ற வேண்டும், ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வண்டி தவளை மாதிரி குதிக்கும் என்றார்.

கட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வளைவில் வண்டி சாயாதாம், ஆனால் குழியில் இறங்கினால் முதுகெலும்பை எண்ணிவிடலாமாம். ஆரம்பத்தில் கம்பெனி போட்ட அளவிலேயே போட்டால் மெத்தென்று போகுமாம். உங்களைத் தெரிந்தவளாயிற்றே, விறைப்பானதையே போடுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "சார் மெத்துன்னு இருக்கறதைத்தான் போடச் சொல்லிட்டுப் போனாரு மேடம்" என்றார்.

இந்த வண்டியில் ஏறினால் இடுப்பு கழன்றுவிடுகிறது என்று பத்து வருடமாக நான் சொல்லவில்லையா? ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். நான் அதில் ஏறுவதை விட்டே நாலு வருடம் ஆகிறது. இருப்பது இரண்டே இருக்கை. எனக்காக இறங்காத மனசு இப்போது யாருக்காக இறங்கியது?

மெக்கானிக்கிடமே கேட்டேன். சாரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சக்கரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்? ஸ்பிரிங்கை இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் பதில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவள்


என்னங்க,

பதில் வந்தது. அரைப் பக்கம். வயதாகிவிட்டதாம், உங்களுக்கே முதுகு வலிக்கிறதாம். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பீரோவைத் தனியாக நகர்த்திய முதுகுதானே அது? காதில் பூ சுற்றுவதென்றால் கொஞ்சம் சின்னப் பூவாகச் சுற்றுங்கள்.

பட்டறைக்குப் போய்ப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து வைத்திருக்கிறது. கீழே இடுப்புக்கு வைக்கிற சின்னத் தலையணை. உறையில் நீலநூல் தையல். நம் வீட்டுத் தலையணை இல்லை. இங்கே இருந்தபோது வியாழக்கிழமைதோறும், சும்மா நின்றால் இன்ஜின் கெட்டுவிடும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போவீர்களே, அது நினைவுக்கு வந்தது.

மெக்கானிக்கிடம் போட்டு வாங்கினேன். எல்லாம் தெரிந்தவள் போல, வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு இந்த ஸ்பிரிங் சரிப்படுமா என்று கேட்டேன். மனிதர் முகத்தில் அத்தனை நிம்மதி. "அந்த அம்மாவுக்கு இதுதான் மேடம் சரி. ஆபரேஷன் பண்ண முதுகு, அதிரக் கூடாதுன்னு சார் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற பிசியோதெரபிக்குத்தானே கூட்டிட்டுப் போவாரு" என்றார்.

அந்த அம்மா.

வருகிற வியாழன் நான் அங்கே இருப்பேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் பார்த்திருப்பேன்.


என்னங்க,

பார்த்துவிட்டேன்.

பிசியோதெரபி வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் யார் யாரை எல்லாம் உங்கள் பக்கத்து இருக்கையில் வைத்துப் பார்த்தேன் என்று எழுதினால் எனக்கே அசிங்கம். கடைசியில் பஸ்ஸிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். இறங்கியவரால் நிமிர முடியவில்லை. கிட்டே வந்தபோதுதான் முகம் தெரிந்தது. என் அம்மா இறந்த எட்டாம் மாதமே அப்பா கல்யாணம் செய்துகொண்டு கூட்டிவந்தாரே, அவர். ஆறு வருடமாக நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவரைச் சித்தி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

எத்தனை மாதமாக என்று மட்டும் கேட்டேன். ஏழு என்றார். "மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதம்மா. நான்தான் மறைக்கச் சொன்னேன். தெரிஞ்சா உன் வீட்டுல சண்டை வரும்" என்றார். அந்தப் பேச்சையும் நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்களோ என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் பேசும்போதே அவர் கண் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அதற்கு மேல் எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

நீங்கள் போனதிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாராம். வலி தாங்காமல் மூன்று வாரம் வரவே இல்லையாம். அப்பா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாராம்.

கம்பெனி அளவு ஸ்பிரிங்கையே, அதற்குப் பொருந்துகிற ஷாக் அப்சார்பரோடு நாலு பக்கமும் போடச் சொல்லிவிட்டேன். திருகினால் விறைப்பாகிற வகை ஒன்று இருக்கிறதாம், சார் திரும்பி வந்தால் இறுக்கிக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். அதனால்தான் அது வேண்டாம் என்றேன்.

அடுத்த வியாழன் நானே வண்டியை ஓட்டி அவரைக் கூட்டிப்போகிறேன். இரண்டு இருக்கை வண்டியில் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேச யாருக்கும் இடமில்லை. போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை.

உங்கள் மேல் இருக்கிற சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நல்ல காரியத்தையே ஏழு மாதம் மறைக்கத் தெரிந்தவர், மற்றதை எத்தனை காலம் மறைப்பீர்கள்?

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். அப்பாவுக்கு இப்போது ஒரு கண்ணில்தான் பார்வையாம். அதையாவது நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு வாசலில் நீங்கள் வண்டியை நிறுத்திய நாட்களில், அவர் என்றைக்காவது என்னைப் பற்றிக் கேட்டாரா? கேட்டிருந்தால், என்ன கேட்டாரோ அதை அப்படியே எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி