கட்காவுக்கு ஒரு அக்கா

காட்மாண்டு,
கார்த்திக் மாதம் 17

அன்புள்ள துளசா அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்; அதனால் எழுதுகிறேன். தம்பிகளுக்குத் திலகம் வைக்கும் நாளன்று வருகிறேன். என் அரசின் கூட்டணி அமைச்சர் இந்திரமான் கட்காவும் வருவார். உடன்பிறந்தவள் இல்லாத மனிதர். எனக்கு வைக்கும் கையால் அவர் நெற்றியிலும் வைத்துவிடு. பத்திரிகைக்காரர்கள் ஒரு படம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

உன் தம்பி,
ஹிக்மத்


சிமல்போட்,
கார்த்திக் 20

ஹிக்மத்துக்கு,

வலி அப்படியேதான் இருக்கிறது.

மன்னராட்சியை எதிர்த்து ஊர்வலம் போன உன் அத்தான் டம்பரை இதே கடைவீதியில் சுட்டுக்கொல்லச் சொன்னவன், அன்று மன்னரின் அதிகாரியாக இருந்த இந்தக் கட்கா. "ரெண்டு பேர் விழுந்தா மத்தவன் ஓடிருவான்" என்று அவன் சொன்னதைக் கேட்டவள் நான்.

அதன்பின் எத்தனையோ ஆட்சிகள் கவிழ்ந்தன. நீ மட்டும் நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்தாய். இங்கே நட்ட வயலுக்கு உரம் இல்லை. வாத்தியார்களுக்குச் சம்பளம் இல்லை. இளவட்டங்கள் எல்லாம் கத்தாரில். போன மாதம் ஒரு பாடைக்குப் பெண்கள்தான் தோள் கொடுத்தோம்.

வருவதானால் தனியே வா.

துளசா


காட்மாண்டு,
கார்த்திக் 23

அக்கா,

அத்தானை நான் மறக்கவில்லை. ஆனால் கட்கா விலகினால் அன்றே ஆட்சி கவிழும். கல்கத்தா துறைமுகத்தில் கிடக்கும் நம் உரம் அங்கேயே கிடக்கும். "உங்க அக்கா திலகம் வெச்சாத்தான் உங்க ஆளுங்க என்னை நம்புவாங்க" என்கிறார். உன் பிடிவாதத்துக்காக ஊர் பட்டினி கிடக்க வேண்டுமா? நான் வந்தால் அவரோடுதான் வருவேன். எங்கள் இருவருக்குமான மாலைகளோடு என் செயலாளரை முன்னதாக அனுப்புகிறேன்.

ஹிக்மத்


சிமல்போட்,
கார்த்திக் 26

ஹிக்மத்,

உன் செயலாளன் நேற்று வந்தான். இரண்டு வாடாமல்லி மாலை, கூடவே ஒரு படக்காரன். "அமைச்சர் தலையில எண்ணெய் வைக்கிறப்ப கொஞ்சம் சிரிங்கம்மா" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நேற்று, இதே பண்டிகையில் நாய்களுக்கு மாலை போடும் நாள். இரண்டையும் கடைவீதி நாய்களுக்குப் போட்டுவிட்டேன். திருடனைக் கண்டால் அவை குரைக்கவாவது செய்கின்றன.

ஒரு கிழவியின் விரல்நுனியில் நிற்கும் ஆட்சி விழட்டும். உரம் இல்லாமலும் விதைத்திருக்கிறோம்.

எமன் அண்டாதபடி ஆண்டுதோறும் உன்னைச் சுற்றி எண்ணெய்க் கோடு இழுத்தேன்; வாசலில் அக்ரூட் கொட்டை உடைத்தேன். இனி அது இல்லை. காட்மாண்டில் குளத்து நடுக் கோயிலை, உடன்பிறந்தவள் இல்லாதவர்களுக்காகத் திலக நாளன்று திறப்பார்கள். கட்காவை அங்கே கூட்டிப்போ. வரிசையில் அவனுக்குப் பின்னால் நீயும் நில்.

டம்பரின் மனைவி
துளசா