காணோம் என்று சொன்னவனுக்கு முதலில் டீ

இன்று காலை பட்டறைக்குள் கால் வைத்ததும் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. நாளை மறுநாள் ஆயுத பூஜை. நம் பட்டறைப் பையன் ஏழுமலை நாற்காலி போட்டு ஏறி, உன் கருவிப் பலகையில் சிவப்புக் கோடுகளை மறுபடி தீட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஒவ்வொரு ப்ளையருக்கும் அதனதன் உருவத்தில் ஒரு கோடு. மாட்டியிருந்தால் கோடு தெரியாது. எடுத்துவிட்டால் வெறும் கோடு பல்லைக் காட்டும். "பார்த்து அடிடா, அவன் இருந்தா கோடு கோணலா கீதுன்னு அழிக்கச் சொல்லுவான்" என்றேன். ஏழுமலை பிரஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டான். நான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ விமானப்படையை விட்டு ஊர் திரும்பியது எண்பத்தொன்பதில். ஐடிஐயில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அரத்தால் இரும்பை ராவியவர்கள் நாம். நீ போர் விமானம் பழுது பார்க்கப் போனாய். நான் வேங்கிக்காலில் ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு, சுற்றுப்பட்டு ஊர்களின் நெல்லடிக்கும் மெஷினையும் பம்ப்செட்டையும் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். பென்ஷன் வாங்கி வந்தவன் வீட்டில் காலை நீட்டுவாய் என்று பார்த்தால், ஒரு வாரம்கூட ஆகவில்லை, "எனக்கு எடம் இருக்காடா?" என்று வாசலில் வந்து நிற்கிறாய். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கூட வேலை செய்ய ஆள் கிடைத்த குஷி இல்லை அது. உன்னைக் கேட்க என்னிடம் அவ்வளவு கேள்விகள் இருந்தன.

ஊரில் எல்லாரும் உன்னைக் கேட்டது ஒன்றுதான்: "பிளேன் ஓட்டுனியா?" நீயும் சலிக்காமல் சொல்வாய். "ஓட்டல. ஓட்டுறவன் ஏறும் முன்னாடி கடைசியா தொட்டுப் பார்த்தவன் நான்." எனக்கு அது போதாது. விமானத்துக்கு ஹாரன் உண்டா? மழையில் நனைந்தால் யார் துடைப்பார்கள்? குருவி உள்ளே கூடு கட்டினால் என்ன செய்வீர்கள்? சிலதற்குச் சிரிப்பாய். சிலதற்கு, "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுப்பா" என்று வாயைப் பூட்டிக்கொள்வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஆயுத பூஜையன்று, "உங்க ஆளுங்களும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெப்பாங்களா?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"வெப்போம். நசுங்கினதும் தோலைப் பொறுக்கியெடுத்து, வெச்ச பழம் எல்லாம் வந்துச்சான்னு பார்ப்போம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "இன்ஜின் காத்தை உறிஞ்சும்டா. தரையில கெடக்குற தோலோ, நட்டோ, துணியோ உள்ள போனா பிளேடு காலி. அப்புறம் மேல போனவன் நல்லபடியா எறங்கணும்ல?" என்றாய். அந்த நேரம் உன் முகத்தைப் பார்த்து நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பலகையும் அங்கிருந்து வந்த பழக்கம்தான். வேலை முடிந்ததும் எல்லாக் கருவியும் அதனதன் கோட்டுக்குள் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும், பழுது பார்த்த மெஷின் வாசல் தாண்டாது. "டேய், இது நெல்லு மெஷின். பறக்காது" என்று கத்தினேன். "டிரம் சுத்தும்ல? உள்ள ஒரு ஸ்பேனர் கெடந்தா, அது பறக்கும்" என்றாய். போல்ட்டுகள் கழன்றுவிடாமல் நீ கம்பி முறுக்கிக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம், "இன்னாப்பா, நட்டுக்குத் தாயத்து கட்டுறியா?" என்று கிண்டலடிப்பார்கள். நீ பாட்டுக்குக் கட்டிக்கொண்டே இருப்பாய். உன்னைச் சீண்டி ஜெயித்தவன் யாரும் இல்லை.

அந்த ஐப்பசி மத்தியானத்தை எப்படி மறப்பேன்? கீழ்பென்னாத்தூர் கோவிந்தம்மாக்காவின் நெல்லடிக்கும் மெஷினுக்கு பேரிங் மாற்றி, டிராக்டரில் பூட்டியாகிவிட்டது. அறுத்த நெல் களத்தில் கிடக்கிறது. மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. பலகையைப் பார்த்தால் ஒரு ரிங் ஸ்பேனர் இல்லை.

"யார் எடுத்தது?" என்றாய். ஏழுமலை லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. நான் கூரை பறக்கிற மாதிரி கத்தினேன். கருவியைத் தொலைத்த ஒருத்தனை முந்தின வருஷம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அது ஏழுமலைக்கும் தெரியும்.

"ஒரு ஸ்பேனருக்காக என் நெல்லு நனையணுமாய்யா?" என்று அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஒங்க ஏரோப்ளேன் புத்திய ஏரோப்ளேன்லயே வெச்சிக்கோங்க!"

எனக்கும் அக்கா பக்கம்தான் நியாயம் என்று பட்டது. "விடுடா, போகட்டும்" என்றேன். நீ டிராக்டர் முன்னால் போய் நின்றுகொண்டாய். என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. அத்தனை வருஷம் பூட்டி வைத்த வாயை, ஏழுமலைக்காக அன்று திறந்தாய்.

"நான் சேர்ந்த புதுசுல ஒரு ஸ்க்ரூ டிரைவர் தொலைச்சேன், ஏழுமலை. பிளேன் கெளம்பத் தயாரா நிக்குது. சொன்னா நான் தொலைஞ்சேன், சொல்லலன்னா மேல போறவன் தொலைஞ்சான். போய் 'காணோம் சார்'னு சொன்னேன். பிளேனை நிறுத்திட்டாங்க. ஆபீசர் கிட்ட வந்தாரு. அறை விழும்னு நெனச்சேன். 'இவனுக்கு மொதல்ல ஒரு டீ குடுங்க, அப்புறம் தேடலாம்'னாரு. ஏன் தெரியுமா? அன்னிக்கு என்னைத் திட்டியிருந்தா, நாளைக்கு இன்னொருத்தன் சொல்ல மாட்டான்."

அக்காகூட இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஏழுமலை துணியை லேத்தின் மேல் வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"நான்தாண்ணா. பேரிங் மாத்தும்போது கையில இருந்துச்சு. உள்ளயே வெச்சி மூடிட்டேனோன்னு பயமா கீது" என்றான்.

நீ எதிர் டீக்கடைப் பக்கம் திரும்பி, "அண்ணா, ஒரு டீ!" என்று குரல் கொடுத்தாய். பிறகுதான் மெஷினின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தொலைத்தவனுக்கு டீ, எனக்குத் தலைவலி.

மூடி பாதி கழன்றிருக்கும். டீக்கடைக்காரர் ஒரு கையில் கிளாஸும் மறு கையில் நம் ஸ்பேனருமாக வந்தார். "பாய்லர் கொழா ஒழுவுதுன்னு ஏழுமலைதான் காலையில மெஷின் வேலைக்கு நடுவுல வந்து டைட் வெச்சிக் குடுத்துச்சு. மறந்துட்டுப் போயிடுச்சு. டீ கேட்டீங்களேன்னு அப்படியே எடுத்தாந்தேன்" என்றார்.

முதலில் சிரித்தது அக்காதான். ஏழுமலை டீயைக் குடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான். "குடிடா" என்று நீ அதட்டினாய். மறுநாள் அக்கா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்: நெல் தப்பித்தது, வைக்கோல் நனைந்தது, அதற்கு நீதான் பொறுப்பு.

அன்றிலிருந்து நம் பட்டறையில் அதுவே சட்டமாகிவிட்டது. காணோம் என்று சொன்னவனுக்கு முதலில் டீ, அப்புறம் தேடல். ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் தொலையவில்லை. எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முன்பும் எதுவும் தொலையவில்லையோ, பயந்துகொண்டு ஒளித்துத்தான் வைத்தார்களோ என்று உன்னிடம் கேட்டேன். "இப்பத்தான் ஒனக்குத் தெரிஞ்சுதா?" என்று சிரித்தாய்.

இத்தனையும் சொன்னவன் நீ. சரி. அப்படியானால் பங்குனியில் உன் நெஞ்சு வலித்ததை மட்டும் ஏன் சொல்லவில்லை? என் பக்கத்திலேயே நின்று ஷாஃப்ட் கடைந்தாயே, பாவி! உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் சம்சாரம்தான் சொன்னாள். ஒரு வாரமாக நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாயாம். "அவர்கிட்டயாவது சொல்லுங்க" என்று அவள் கெஞ்சினாளாம். "வேணாம், அவன் கத்துவான்" என்றாயாம்.

கத்தியிருப்பேன்தான். கத்திக்கொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே. விமானத்தைப் பற்றி நீ சொல்லாமல் விட்டதெல்லாம் போகட்டும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். இனி யாரிடம் கேட்பேன்?

இப்போதெல்லாம் என்னிடம் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றால், முதலில் வாயை இறுக மூடிக்கொள்கிறேன். சுலபமாக இல்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலை கடைசிக் கோட்டையும் முடித்துவிட்டான். பெயிண்ட் காய்ந்ததும் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டினோம். எல்லாம் வந்துவிட்டன. ஒரு கோடுகூட வெறுமையாக இல்லை. நான் மட்டும் பலகை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா?" என்றான்.

"காணோம்டா" என்றேன்.

எதை என்று அவன் கேட்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணா, ஒரு டீ. சக்கரை கம்மியா."